சிக்கிள் செல் நோயாளி கிளைச் சிறையிலிருந்து பிணமாக வந்தான். சீட்டில் 'வாயு' என்று இருக்கிறது. சட்டப்படி யார் பொறுப்பு?

பந்தலூர் செவிலி:

வணக்கம். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சட்டப் படிப்பு கிடையாது. இங்கே எழுதுகிறவர்களில் வழக்குரைஞர்களும் மருத்துவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் 23 வயதுப் பையன். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவனுக்குச் சிக்கிள் செல் அனீமியா, அதாவது சிவப்பணுக்கள் வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய், என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த முழு நோய். ஹைட்ராக்சியூரியாவும் ஃபோலிக் ஆசிடும் மாதந்தோறும் வாங்கிப் போவான். மழைக்காலத்தில் முழங்கால் வலி என்று வந்து நின்றால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம், குளிர் படாமல் இருக்கச் சொல்வோம், வலி அடங்காவிட்டால் மருத்துவமனையில் சேர்ப்போம். அப்படித்தான் வளர்ந்து ஆளானான். மிளகுப் பருவத்தில் எஸ்டேட் வேலைக்கும் போவான்.

போன ஆடியில் ஓர் எஸ்டேட் கிடங்கில் மிளகு மூட்டை காணவில்லை என்று வழக்கு. இவனையும் இன்னொருவனையும் பிடித்துப் போனார்கள். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. நீதிமன்றக் காவல் என்று மலை மேலே உள்ள ஒரு கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் சுமார் 1,000 மீட்டர் உயரம். அந்தச் சிறை இருப்பது அதற்கும் வெகு மேலே, ஆடி மழையில் கம்பளி இரண்டு போர்த்தினாலும் நடுக்கம் நிற்காத இடம். இந்த நோய்க்காரர்களுக்குக் குளிர் ஆகாது, தண்ணீர் குறைந்தால் ஆகாது, உயரமும் ஆகாது. அவனுடைய அம்மா மறுநாளே பஸ் ஏறிப் போய், நோய் அட்டையையும் மாத்திரையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசலில் கொடுத்திருக்கிறார். "டாக்டர் சொன்னால் கொடுப்போம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

பிறகு நடந்ததை அவனோடு அதே அறையில் இருந்து, இப்போது ஜாமீனில் வந்திருக்கும் ஒருவர் சொன்னார். முதலில் முதுகும் முழங்காலும் வலித்திருக்கிறது. சுருண்டு படுத்துக் கிடந்தவனை "நடிக்கிறான்" என்றும், "கஞ்சா கிடைக்காத வலி" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவன் கஞ்சா தொட்டவன் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அழுத பிறகு ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு உடன் போன காவலர்தான் பதில் சொன்னார் என்று பையன் திரும்பி வந்து இவரிடம் சொல்லியிருக்கிறான். ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு இரவு கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. வழிக்காவலுக்கு ஆள் வரவேண்டும் என்று காத்திருந்து, பிறகு 108-இல் ஏற்றி, கோவைக்குப் போகும் வழியில் பர்லியாறு தாண்டியதும் உயிர் போய்விட்டது.

உடலோடு அந்த பிளாஸ்டிக் கவரையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை நான் என் கையால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அட்டை இருந்தது. மாத்திரைப் பட்டைகள் இருந்தன, ஒரு குமிழ்கூட உடைபடவில்லை. இவற்றோடு வெளிநோயாளி சீட்டு ஒன்று. அதில் நெஞ்செரிச்சல், வாயு, ஊசியின் பெயர், மூன்று நாள் மாத்திரை. நாடித்துடிப்பு இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஆக்சிஜன் அளவு இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை.

எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். இந்த நோயின் அணு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில். கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கென்றே மருத்துவமனை வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இந்த நோய்க்குப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று தேசிய அளவில் ஒழிப்புத் திட்டமே தொடங்கியது. மலையில் வேலை பார்க்கும் யாரும் "கேள்விப்பட்டதே இல்லை" என்று சொல்ல முடியாது. தவறாக நோயைக் கணித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நோயைக் கணித்து எழுதி அட்டையாகவே கொடுத்திருந்தோமே! அது சிறை அலுவலகத்தில் ஒரு கவருக்குள் கிடந்தது.

என் கேள்விகள்: சீட்டு எழுதிய மருத்துவர் மீது வழக்குப் போட முடியுமா? சிறைக்காரர்களுக்குப் பொறுப்பு உண்டா, இல்லை "டாக்டர் அனுப்பிவிட்டார், நாங்கள் என்ன செய்ய" என்று தப்பித்துவிடுவார்களா? அரசு பொறுப்பேற்குமா? உடலை வாங்கும்போது "நோயால் இறந்தான், யார் மீதும் சந்தேகம் இல்லை" என்று எழுதிய தாளில் அவன் அம்மாவிடம் கைரேகை வாங்கியிருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இப்போது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கிறது. போனால் இன்னும் ஏதாவது வம்பு வருமோ என்று அந்த அம்மா பயப்படுகிறார்.

தேவாலா மழை:

படிக்கவே வேதனையாக இருக்கிறது அம்மா. மருத்துவரைத் தப்ப விடக்கூடாது. நுகர்வோர் நீதிமன்றத்தில் போடுங்கள், செலவும் குறைவு, சீக்கிரம் முடியும். எங்கள் உறவினர் ஒருவருக்குத் தனியார் மருத்துவமனை விஷயத்தில் அப்படித்தான் பணம் கிடைத்தது.

குன்னூர் வழக்குரைஞர்:

செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். முதலில் ஒன்று: விசாரணைக்குக் கட்டாயம் போகவேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நுகர்வோர் நீதிமன்ற யோசனை இங்கே பொருந்தாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்தின்கீழ் வராது என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவர் கதை வேறு.

மருத்துவர் மீது குற்ற வழக்கு என்பது நினைப்பதைவிடக் கடினம். கவனக்குறைவால் மரணம் என்பது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). பொதுவாக ஐந்து ஆண்டுவரை தண்டனை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததென்றால் இரண்டு ஆண்டுவரை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது. கணிப்பு தவறியது என்பதற்காக மட்டும் மருத்துவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. சாதாரணத் திறமையும் கவனமும் உள்ள எந்த மருத்துவரும் செய்திருக்க மாட்டார் என்று சொல்லும்படியான படுமோசமான அலட்சியம் இருக்கவேண்டும். வழக்குத் தொடரும் முன் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தும் வாங்கவேண்டும். உங்கள் சீட்டில் நாடித்துடிப்புகூட இல்லை என்பது நல்ல சாட்சியம். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

இந்த வழக்கின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவரின் குற்றம் நிரூபணம் ஆகாவிட்டாலும் அரசு பொறுப்பாகும். வெளியில் இருக்கிற ஒருவனுக்கு ஒரு மருத்துவர் சொன்னது திருப்தி இல்லை என்றால் அடுத்த பஸ் பிடித்து பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போவான். மாத்திரையைத் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். சிறையில் இருப்பவனுக்கு அந்த வழி எதுவும் இல்லை. அவன் கையைக் கட்டியது அரசு. ஆகவே அவன் உயிருக்கும் அரசே காவல். 1993-இல் நீலாபதி பெஹெரா வழக்கில், காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய்க்கு ஒன்றரை லட்சம் இழப்பீடு தரச் சொன்னபோது உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசமைப்பின் உறுப்பு 21 தரும் வாழ்வுரிமை பறிபோனால், இறையாண்மைப் பாதுகாப்பு, அதாவது அரசு மீது வழக்கே போட முடியாது, என்று அரசு ஒதுங்க முடியாது. 2000-இல் இன்னொரு தீர்ப்பு, சல்லா ராமகிருஷ்ண ரெட்டி வழக்கு. கர்னூல் பக்கம் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில் வெளியாட்கள் குண்டு வீசி விசாரணைக் கைதியைக் கொன்ற விவகாரம். குண்டு வீசியது அரசு அல்ல. இருந்தும் காக்கத் தவறிய பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராததே உறுப்பு 21-ஐ மீறுவதாகும் என்று 1996-இல் மேற்கு வங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் சொன்னார்கள்.

இதையெல்லாம் சேர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடலாம். நீலகிரி சென்னை அமர்வுக்கு உட்பட்டது. கொடைக்கானல்காரர்கள் என்றால் மதுரைக் கிளை.

அமெரிக்காவில் இதே கேள்வி 1976-இல் வந்தது. பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட டெக்சாஸ் கைதி ஒருவர், முறையாக எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார். வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்டால்தான் அரசமைப்பு மீறல், மருத்துவர் கணிப்பில் தவறுவது அந்தக் கணக்கில் வராது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் முடிவு செய்தது. நம் அரசு வழக்குரைஞர்களும் இதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: "தவறான கணிப்புதான், உரிமை மீறல் இல்லை" என்று. அதற்கு உங்கள் பிளாஸ்டிக் கவர் பதில் சொல்லும். உடைபடாத மாத்திரைப் பட்டை எந்த மருத்துவரின் கணிப்பும் அல்ல. அது சிறைக்காரர்கள் செய்தது.

கைரேகை பற்றி: காவல் மரணத்தில் விசாரணை நடப்பது குடும்பம் சந்தேகப்படுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டம் 176(1ஏ), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 196(2). போலீஸ் காவலிலோ நீதிமன்றம் அனுப்பிய வேறு காவலிலோ ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்கவேண்டும். நோயால் இறந்தவர், அடியால் இறந்தவர் என்று அந்தப் பிரிவு பிரிக்கவில்லை. ஆம்புலன்ஸில் இறந்தாலும் அவன் காவலில்தான் இருந்தான், விடுதலை ஆகவில்லை. ஆக, அந்தத் தாளால் எதுவும் முடிந்துவிடவில்லை. படித்துக் காட்டாமல் கைரேகை வாங்கினார்கள் என்பதையே அந்த அம்மா நடுவர் முன் சொல்லலாம்.

இன்னும் ஒன்று. சிறையில் முறையான மருத்துவம் கிடைக்காமல் ஒருவர் இறந்தால் அதை இயற்கை மரணம் என்பதா, இயற்கைக்கு மாறானது என்பதா என்ற கேள்வியை 2017 செப்டம்பர் 15 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுப்பியது. 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கு அது. பதிவேட்டில் 'இயற்கை மரணம்' என்று எழுதியிருந்தால் மனம் தளராதீர்கள்.

ஓய்வு பெற்ற சிறைக்காவலர்:

நான் மத்திய சிறையிலும் கிளைச் சிறைகளிலும் வேலை பார்த்தவன். இந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பல கிளைச் சிறைகளில் முழுநேர மருத்துவர் கிடையாது. பக்கத்து அரசு மருத்துவமனை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவில் ஒருவனுக்கு மூச்சு வாங்கினால் பணியில் இருக்கும் காவலர் தன்னிச்சையாகக் கதவைத் திறந்து வெளியே கொண்டு போக முடியாது. மேலே சொல்லவேண்டும், வழிக்காவலுக்கு ஆயுதப்படை ஆள் வரவேண்டும். மலையில் மழை நாளில் அந்த ஆள் வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உயிர் போகிற அவசரத்தில் இருக்கிற ஆளை வைத்து அனுப்பியவர்களும் உண்டு. நானே பார்த்திருக்கிறேன். ஆக, "விதி இடம் தரவில்லை" என்பதை அப்படியே ஏற்காதீர்கள். எத்தனை மணிக்குத் தகவல் கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு வழிக்காவல் வந்தது என்று கேளுங்கள். இரண்டும் எங்காவது எழுதப்பட்டிருக்கும்.

1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தைப் பழையது என்று தள்ளிவிடாதீர்கள், உங்களுக்கு அதில் பிடி கிடைக்கும். 24-ஆம் பிரிவின்படி உள்ளே வரும் கைதியின் உடல்நிலையைப் பரிசோதித்து எழுதவேண்டும். அங்கே சிக்கிள் செல் என்று எழுதினார்களா என்று பாருங்கள். 37-ஆம் பிரிவு, உடம்பு முடியவில்லை என்று சொல்லும் கைதியின் பெயரைத் தாமதமில்லாமல் மேலே சொல்லவேண்டும் என்கிறது. 15-ஆம் பிரிவு மரணப் பதிவைப் பற்றியது. இறந்தவன் முதன்முதலில் எந்த நாள் முடியவில்லை என்று சொன்னான், அன்று அவனுக்கு என்ன வேலை, என்ன சாப்பாடு, மருத்துவருக்கு எந்த நாள் தெரிந்தது, என்ன நோய், இறக்கும் முன் கடைசியாக மருத்துவர் எப்போது பார்த்தார், எல்லாவற்றையும் மருத்துவ அலுவலர் எழுதியாகவேண்டும். உள்ளே இருந்தவர் சொல்லும் நாளும் அந்தப் பதிவேட்டு நாளும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

"நடிக்கிறான்" என்ற சொல் சிறையில் தினமும் காதில் விழும். நடிப்பவர்களும் இருப்பார்கள்தான். அதைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவர், காவலர் அல்ல. வாசலில் வாங்கிய மருந்தை மருத்துவரிடம் காட்டாமல் வைத்தது பெரிய தவறு. நான் அந்தத் துறையில் உப்பைத் தின்றவன், இருந்தாலும் சொல்கிறேன்.

கொடைக்கானல் மருத்துவர்:

பழனி மலையில் அரசுப் பணியில் இருக்கிறேன். கைதிகளைப் பார்த்த அனுபவம் உண்டு. மருத்துவர் பக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வெளிநோயாளி வரிசையில் நூறு பேருக்கு மேல் நிற்கும்போது நெஞ்சு வலி என்று 23 வயதுப் பையன் வந்தால் மாரடைப்பு முதலில் நினைவுக்கு வராது. வாயு என்று நினைப்பது உலக வழக்கம். அதற்காக அந்த மருத்துவரைக் கொலைகாரர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர் முன்னால் நோய் அட்டை வைக்கப்படவே இல்லை. நோயாளி வாய் திறக்க விடப்படவில்லை. யாராவது "சிக்கிள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சீட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனாலும் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் பார்க்காததற்கு நியாயம் இல்லை. விரலில் மாட்டும் கருவிதான், அரை நிமிட வேலை. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்திருக்கும். கூடவே, கைதியிடம் பேசும்போது காவலரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வதும் நம் வேலைதான். பணியர் பையன் என்று தெரிந்த பிறகு, நீலகிரியில் வேலை பார்க்கும் மருத்துவர் சிக்கிள் செல்லை நினைக்கவில்லை என்றால் அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' என்பதையே முதலில் சந்தேகிப்பேன். வளைந்த சிவப்பணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். எலும்பு வலி வந்த இரண்டு மூன்று நாளில் நெஞ்சு வலியும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வருவது இதன் போக்கு. எக்ஸ்ரேயில் புதிய நிழல் தெரியும். ஆக்சிஜன், வலி நிவாரணி, அளவான திரவம், ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுதல் என்று வைத்தியம் உண்டு. இந்த நோயாளிகளைக் கொல்லும் காரணங்களில் இது முன்வரிசையில் இருப்பது. நேரத்தில் பிடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைப்பார்கள்.

உடற்கூராய்வு அறிக்கை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இறந்த பிறகு திசுக்களில் ஆக்சிஜன் குறைவதால் 'கேரியர்' (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்த, நோய் இல்லாதவர்) ஒருவரின் அணுக்கள்கூட வளைந்து தெரியும். "வளைந்த அணு இருந்தது" என்ற ஒரு வரியை வைத்து இறப்பின் காரணத்தை முடிவு செய்ய முடியாது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். உயிரோடு இருந்தபோது எடுத்த ஹீமோகுளோபின் பரிசோதனை முடிவு உங்களிடம் இருந்தால் அதுதான் அசைக்க முடியாத ஆதாரம். நுரையீரல் திசுவை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். அனுப்பாமல் 'இதய நிறுத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணமே இல்லை. இறந்தவர் எல்லோருக்கும் இதயம் நின்றுதான் போகும்.

பந்தலூர் செவிலி:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன பரிசோதனை முடிவு இருக்கிறது. பழைய நோட்டில் தேதியோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். குடிசை ஒழுகினாலும் அந்த நோட்டு நனையாமல் அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்திருக்கிறார் அந்த அம்மா.

உங்களை ஒன்றில் மறுக்கிறேன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அட்டை வைக்கப்படவில்லை என்பதால் மருத்துவர் பாதி தப்பினார் என்று நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கைதி வருகிறான் என்றால் அவனுடைய சிறை மருத்துவக் குறிப்பு எங்கே என்று கேட்கவேண்டாமா? ஏழு மாதக் கர்ப்பிணி வந்தால் கார்டு எங்கே என்றுதானே முதலில் கேட்போம்? நான் பணியில் இருந்த காலம் முழுக்க கார்டு இல்லாமல் யாரையும் மருத்துவர் முன்னால் உட்கார வைத்ததில்லை.

காவலர் ஐயா எழுதிய 15-ஆம் பிரிவை அந்தக் குடியிருப்பில் போய்ப் படித்துக் காட்டினேன். பணியர் பேச்சில் ஒரு பெண் எடுத்துச் சொன்னாள். "அவன் முடியவில்லை என்று எப்போது சொன்னான் என்பதை எழுதி வைக்கச் சட்டம் இருக்கிறதா?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கிறது என்றேன். விசாரணைக்குப் போக ஒப்புக்கொண்டுவிட்டார்.

இப்போது இரண்டு சந்தேகம். விசாரணையில் நான் கூட இருக்கலாமா? வழக்குரைஞருக்குக் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை.

குன்னூர் வழக்குரைஞர்:

பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்குரைஞர் தரவேண்டும். அந்த அம்மாவுக்கு இரண்டு வகையிலும் உரிமை உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கூடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டக் குழுவிலோ ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

விசாரணையில் உறவினர்கள் உடனிருக்க அனுமதிக்கவேண்டும் என்று அதே 196-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் உறவினர் இல்லை. ஆனால் நோயாளியைப் பல ஆண்டுகள் கவனித்த செவிலியர், கவரைப் பிரித்துப் பார்த்தவர். உங்களைச் சாட்சியாக விசாரிக்கும்படி அம்மா பெயரில் மனு கொடுப்போம். அறையில் உடனிருந்தவரையும் அதே மனுவில் சேர்க்கவேண்டும். அவர் மீது இன்னும் வழக்கு இருப்பதால் பயப்படுவார். போலீசார் வாயிலாக வேண்டாம், நடுவரிடம் நேராகச் சொல்லட்டும். பணியர் மொழி தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க வைக்கவும் கேட்கவேண்டும். மகன் வாயைக் காவலர் பேசியது போல அம்மாவின் வாயையும் வேறொருவர் பேசிவிடக்கூடாது.

மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். காவல் மரணம் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் தேசிய ஆணையத்துக்குத் தகவல் போகவேண்டும் என்று 1993 டிசம்பரிலேயே உத்தரவு உண்டு, ஆகவே ஒரு கோப்பு அங்கே இருக்கவேண்டும். ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். ஆடியில் நடந்தது என்றால் அடுத்த ஆடி வருவதற்குள் கொடுத்தாகவேண்டும்; தள்ளிப்போடாதீர்கள்.

கைதான அன்று மருத்துவப் பரிசோதனை செய்திருப்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு அது. அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரவேண்டும். 2020-இல் சாத்தான்குளம் தந்தை மகன் வழக்குக்குப் பிறகு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பும் முன் கொடுத்த உடல்தகுதிச் சான்று எவ்வளவு பெரிய கேள்வியாக எழுந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தப் பையனுக்கு 'நலமாக இருக்கிறார்' என்று எழுதியது யார், நோய் பற்றிக் கேட்டாரா என்பதும் விசாரணையில் வரவேண்டும். கைதியின் உடல்நலத்தைக் கவனிப்பது காவலில் வைத்திருப்பவரின் கடமை என்று 56-ஆம் பிரிவு இருக்கிறது. மாத்திரையைத் தடுத்தவர்களை அதில்தான் பிடிக்கவேண்டும்.

அந்த பிளாஸ்டிக் கவரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அட்டை, மாத்திரைப் பட்டைகள், சீட்டு, நோட்டு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, மாத்திரைப் பட்டையில் உள்ள தயாரிப்பு எண் தெரியும்படி தனியே ஒரு படமும் எடுங்கள். அசலை நடுவர் கேட்டால் மட்டும், ஒப்புகைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கொடைக்கானல் மருத்துவர்:

செவிலியர் அம்மா மறுத்ததை ஏற்கிறேன். சிறை மருத்துவக் குறிப்பைக் கேட்டிருக்கவேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. உடற்கூராய்வு அறிக்கை கிடைத்ததும் வழக்குரைஞர் மூலம் அனுப்புங்கள். ரத்த நோய்ப் பிரிவில் என்னோடு படித்தவர் ஒருவர் அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறார். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கேட்கும் மருத்துவக் கருத்தை எழுதித் தர அவர் தகுதியானவர். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பந்தலூர் செவிலி:

அறிக்கைக்கு நகல் மனு நாளைக்குப் போடுகிறோம். கூடலூர் வட்டக் குழுவில் அம்மாவை நானே அழைத்துப் போய் உட்கார வைக்கிறேன்.